நான் எடுத்த பொட்டலம்

கடைசி லீவுக்கு வந்தபோது என் கணவர் பெட்டியோடு ஒரு பீப்பாயும் கொண்டுவந்தார். தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்தது. மேலே திருகு மூடி, அடியில் ஒரு குழாய். அதற்குள் சேலை, சோப்பு, சென்ட், ஆரஞ்சுப் பவுடர் என்று எல்லாவற்றையும் திணித்து, கயிறு கட்டி, மஸ்கட்டிலிருந்து சிங்காநல்லூர் வரைக்கும் தூக்கி வந்திருந்தார்.

என் மாமியார் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏங்கண்ணு, அரபு நாட்டுல தண்ணியே இல்லைன்னாங்க. இருந்த டேங்கையும் நீயே தூக்கிட்டு வந்துட்டயா?"

"நம்மூர்ல மட்டும் தெனமும் வருதாம்மா? புடிச்சு வெச்சுக்கலாம்னுதான்," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். மாமியார் இருக்கும்போது அவர் என்னைப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருடம். ஆனால் சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் அரை வருடம் வந்தால் அதிகம். அவர் இங்கே மோட்டார் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். மஸ்கட்டில் ஒரு கேம்ப்பில் தண்ணீர் பம்புகளைப் பார்த்துக்கொண்டார். அங்கே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் தன் அறையிலேயே பீர் செய்து குடிப்பாராம். ஊரைவிட்டுப் போகும்போது பீப்பாயையும் மிச்சமிருந்த சாமான்களையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடை பீரைப் பற்றிப் பேச்சு வந்தால் இவர் உதட்டைப் பிதுக்குவார். வீட்டில் செய்கிற பீர் அப்படி இல்லையாம். போடுகிறவர் எதைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறாரோ அந்த ருசிதான் வருமாம்.

அந்தத் தடவை அவர் திரும்பிப் போகவிருந்தது கணக்கை முடித்துக்கொண்டு வருவதற்குத்தான். பங்குனிக்குள் வந்துவிடுவேன், இனிமேல் போகமாட்டேன் என்று சொன்னார். வந்ததும் சொந்தமாக ஒரு பம்ப் ரிப்பேர் பட்டறை. "நான் வாரப்ப இந்தப் பீப்பாயில பீரு தயாரா இருக்கோணும். குழாயத் தொறந்து மொத டம்ளர் நாம ரெண்டு பேரும் குடிக்கோணும்," என்றார்.

தைப்பூசத்துக்கு மாமியார் சென்னிமலையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போனார். அவர் பஸ் ஏறியதும் என் கணவர் வந்து கதவைச் சாத்தினார்.

"ஏனுங்க, போலீசு கீலீசு வந்துருமுங்களா?"

"வந்தா அவுங்களுக்கும் ஒரு டம்ளர் ஊத்திக் குடு."

எனக்குப் பயமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. பெரிய அண்டாவைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு எண்ணெய் வாசம் இருக்கிறதென்று திருப்பிக் கொடுத்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றினேன். அதன் பிறகுதான் திருப்தி. தண்ணீருக்கும் அப்படித்தான். எங்கள் லைன் வீட்டு அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்த குடங்களை எல்லாம் கேட்டார். "குடிக்க என்னங்க பண்றது?" என்றேன். "இதைத்தான் குடிக்கப்போறோம்," என்றார்.

இன்ஜினியர் கொடுத்த டின்னைத் திறந்தால் கருப்பட்டிப் பாகு போல ஒன்று இருந்தது. பார்லியை முளைகட்டிக் காய்ச்சிய பாகாம். அதில் பீருக்கு வேண்டிய கசப்பு ஏற்கெனவே இருக்கிறதாம். கூடச் சேர்க்க வெள்ளைச் சர்க்கரை வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் நாட்டுச் சர்க்கரைதான் இருந்தது. கடைக்குப் போய்வர அவருக்குப் பொறுமை இல்லை. அதையே கொட்டினோம்.

வாசத்துக்கென்று இரண்டு பொட்டலம் இருந்தன. வெள்ளித்தாள் போன்ற உறையில் காற்றில்லாமல் ஒட்டியவை. அதுதான் ஹாப்ஸ். ஏதோ ஒரு கொடியில் பூக்கிற பூவாம். உலர்த்தி அரைத்துச் சின்னச் சின்னப் பச்சை உருண்டையாக்கி இருந்தார்கள்.

"மாட்டுத் தீவனமாட்ட இருக்குதுங்க," என்றேன்.

"காங்கேயத்துக்காரி மாட்டைப் பத்திப் பேசாம வேற எதைப் பேசுவா? மோந்து பாரு."

இரண்டின் முனையையும் கொஞ்சமாகக் கத்தரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒன்றில் மழை பெய்த மறுநாள் வைக்கோல் போரிலிருந்து வருமே, அந்த வாசம். மற்றொன்றை முகர்ந்ததும் எனக்கு என் அம்மா வீட்டுக் கிணற்றடி வந்துவிட்டது. அங்கே ஒரு நாரத்தை மரம் இருந்தது. அதன் இலையைக் கசக்கினால் வரும் வாசமேதான்.

"ஒண்ணுதான் போடோணும். ரெண்டும் போட்டா கெட்டுப்போகும். எது வேணும், எடு."

"உங்களுக்கு எது புடிக்குமுங்க?"

"அதைச் சொன்னா நீ அதையேதான் எடுப்பே. சொல்லமாட்டேன்."

அதுவரை என்னை யாரும் எடு என்று சொன்னதில்லை. பத்தாவதோடு நிற்பது என்று அப்பா சொன்னார். மாப்பிள்ளையைச் சித்தப்பா பார்த்தார். முகூர்த்தச் சேலையை மாமியார் எடுத்தார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அடுப்பில் அண்டா கொதிக்க, அவர் இரண்டு பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டு காத்திருக்க, எனக்கு எதைத் தொடுவதென்றே தெரியவில்லை. இதை முகர்ந்தேன், அதை முகர்ந்தேன்.

"ஏ அம்மணி, பாகு அடிப்புடிக்குது. பொண்ணு பாக்க வந்தப்ப நாங்கூட இத்தனை நேரம் எடுத்துக்கலை."

நாரத்தை வாசமடித்ததைத் தொட்டேன்.

அவர் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"ஏனுங்க சிரிக்கறீங்க? தப்பா எடுத்துட்டனா?"

"வந்து குடிச்சுப்போட்டுச் சொல்றேன்."

எவ்வளவு கேட்டும் வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலம் முழுவதையும் அண்டாவில் கொட்டினார். ஓர் உருண்டைகூட மிச்சம் வைக்கவில்லை. வீடு முழுவதும் எங்கள் கிணற்றடி வாசம் அடித்தது.

ஆறியபிறகு ஒரு புது வாளியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி, வேட்டித் துணியால் வாய்கட்டி, கட்டிலுக்கடியில் தள்ளினோம். மறுநாள் காதை வைத்துக் கேட்டால் உள்ளே மெல்ல மெல்லப் பொரிகிற சத்தம். இரண்டு பேரும் தரையில் படுத்துக் கேட்டோம். கல்யாணமான நாலு வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த காரியம் என்று இதைத்தான் சொல்லமுடியும்.

மாமியார் திரும்பி வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்ன புள்ள, ஊடெல்லாம் புண்ணாக்கு ஊறவெச்சாட்ட வாசம்?" மாவு புளித்துவிட்டது என்றேன். என் கணவர் மஸ்கட்டுக்குப் புறப்படுவதற்கு முன்னால் ஒரு மதியம், மாமியார் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து, வாளியில் இருந்ததைப் பீப்பாய்க்கு மாற்றி, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, மூடியை இறுக்கினார். இனி நுரை கட்டும், ஆட்டக்கூடாது, திறக்கக்கூடாது என்று சொன்னார். அதன்மேல் சென்னிமலைப் போர்வை ஒன்றைப் போட்டு மூடினேன். மாமியார் சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு டம்ளரை அதன்மேல்தான் வைப்பார்.

பங்குனி பிறந்து சில நாளில் பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்கு ஃபோன் வந்தது. பாலைவனத்து ரோட்டில் அவர் போன வண்டி கவிழ்ந்துவிட்டது என்று சொன்னார்கள். முதலில் அடி என்றார்கள். சாயங்காலத்துக்குள் அதை மாற்றிச் சொன்னார்கள். அவரை வைத்த பெட்டி வந்து சேர்வதற்குள் என் மாமியாருக்கு அழுது அழுது குரலே போய்விட்டது. எனக்கு அழுகையே வரவில்லை. கல்லாட்ட உக்காந்திருக்கறா பாரு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் அந்தப் போர்வை போட்ட பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காரியம் முடிந்து படையல் போடும் நாள் வந்தது. இறந்துபோனவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிடித்தது எதுவானாலும் வைப்பார்கள். பீடி குடிப்பவருக்குப் பீடி வைப்பார்கள். கறிக்குழம்பு, முட்டை, கம்மஞ்சோறு எல்லாம் வைத்தாயிற்று. என் கணவரின் பெரியப்பா திண்டில் சாய்ந்தபடி, "பையன் பீரு குடிப்பானல்லோ, ஒரு பாட்டில் வாங்கியாந்து வையுங்கப்பா. கொறை வெக்கக்கூடாது," என்றார். யாரோ சைக்கிளில் போய்க் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து இலையோரத்தில் வைத்தார்கள்.

என் கணவர் உதட்டைப் பிதுக்குவது எனக்குக் கண்முன் வந்தது.

நான் எழுந்தேன். கூடம் நிறைய ஆண்கள். அவர்கள் முன்னால் வந்து நிற்கவே எனக்குக் கால் வராது. வாய் திறந்து சொல்ல நிச்சயமாக முடியாது என்று தெரிந்தது. உள்ளே போய், போர்வையை எடுத்து, ஒரு சொம்பைக் குழாய்க்கடியில் பிடித்துத் திறந்தேன். முதலில் வெறும் நுரைதான் சீறிக்கொண்டு வந்தது. அப்புறம் நாட்டுச் சர்க்கரை நிறத்தில் இறங்கியது. அவருடைய டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து, கடை பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நுரை பொங்கி இலைமேல் வழிந்தது.

"என்ன அம்மணி, மோரா?" என்றார் பெரியப்பா. பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தார். "ஏ, பீருடா இது! ஊட்டுக்குள்ளயே காய்ச்சறாங்கடா!"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தபிறகு மாலை போட்ட அவர் படத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் மாமியார் சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரு செஞ்சது புள்ள?"

"அவருங்க அத்தை. நானுங் கூட இருந்தனுங்க."

அத்தனை நாளில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். மாமியார் தரையில் கையூன்றி எழுந்து வந்தார். கடை பாட்டிலை எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தார். "இத நீங்களே வெச்சுக்கோங்க மாமா. எம்பையன் செஞ்சதே இருக்குது."

கும்பிட்டு முடிந்ததும் படையல் சோற்றை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். டம்ளரை மட்டும் மாமியார் யாருக்கும் கொடுக்கவில்லை. பின்கட்டுக்கு எடுத்துவந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. இன்னொரு வாய் குடித்தார்.

"நாரத்தை எலை போட்டியா புள்ள?"

"இல்லீங்க அத்தை. அது ஏதோ சீமைப் பூவுங்க. நாந்தான் எடுத்தேன். அவரு என்னையே எடுக்கச் சொன்னாருங்க."

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சின்னதுல இருந்தே அவனுக்கு நாரத்தைன்னா ஆகாது. எலை வாசம் பட்டாலே எந்திரிச்சு ஓடுவான். அதுக்குன்னே நானு இந்த ஊட்டுல ஊறுகாகூடப் போடமாட்டேன்."

எனக்கு மறுவீட்டு விருந்து ஞாபகம் வந்தது. என் அம்மா பரிமாறிய நாரத்தங்காய் ஊறுகாயை இலையோரத்தில் அவர் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்ததும், புது மாப்பிள்ளைக் கூச்சம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. பொட்டலத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, அவர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மாமியார் என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

ஊர்சனம் எல்லாம் போனபிறகு, துணிப் பெட்டிக்கடியில் இருந்த, அன்று போடாத பொட்டலத்தை எடுத்து முகர்ந்தேன். முனை கத்தரித்தபடியே கிடந்ததால் வைக்கோல் வாசம் போய்விட்டிருந்தது. பழைய சாக்கு நெடிதான் வந்தது. அவருக்குப் பிடித்தது இதுதானா என்றும் எனக்குத் தெரியவில்லை.

பீப்பாயில் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றிவிடச் சொன்னார் நாத்தனார். மாமியார் விடவில்லை. "அவங் கைப்பட்டதச் சாக்கடையில ஊத்தறதுக்கா?" என்றார். அதன் பிறகு சாயங்காலம் காப்பி போடும் நேரத்தில் ஆளுக்கு அரை டம்ளர் பிடித்து, கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் இருவரும் குடித்தோம். மாமியார் ஒவ்வொரு வாய்க்கும் முகம் சுளிப்பார். எனக்கும் அது கசந்தது. பீர் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னாலும் குடித்ததில்லை, அப்புறமும் குடித்ததில்லை. அது நன்றாக வந்திருந்ததா என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

குழாயில் சன்னமாக வர ஆரம்பித்த ஒரு நாள் கேட்டேன். "அத்தை, அவருக்கு இது புடிச்சிருக்குமுங்களா?"

மாமியார் டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"குடிச்சிருப்பான். நீ எடுத்ததுன்னு பூராவும் குடிச்சிருப்பான். புடிச்சிருக்குமான்னு எனக்கெப்படித் தெரியும், கண்ணு?"

பிறகு டம்ளரை என் பக்கம் நீட்டினார். நான் பீப்பாயைச் சாய்த்துப் பிடித்தேன். கொஞ்சம் நுரை மட்டும் வந்தது.