ஜோதியக்கா பெயரில் ஒரு ஃபோல்டர்

ஸ்கேனர் சூடாகும்போது ஒரு வாடை வரும்... ஜன்னலைத் திறந்தால் கடல் உப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

2003 இருக்கும். கல்பாக்கத்துக்கு வெளியே ஒரு சின்ன தனியார் ஆபீஸ். பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை.

ஆளுக்கொரு ஃபோல்டர். அவரவர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால்தான் திறக்கும். சாயங்காலத்துக்குள் முப்பது வரைபடம் அதில் இருக்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

பக்கத்து சீட் ஜோதியக்காவுக்குக் கைக்குழந்தை. மத்தியானம் பால் கொடுக்க சதுரங்கப்பட்டினம் ஓடுவாள், திரும்ப நேரமாகும். அவள் மிச்சத்தையும் நானே முடித்து, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, அவள் பெயரில் உள்ளே போய் வைத்துவிடுவேன். குழந்தை பெயர்தான் பாஸ்வேர்ட்.

ஒருநாள் அவசரத்தில் அணைக்காமலே அவள் பெயரில் உள்ளே போகப் பார்த்தேன்...

ஒரே ஆள் இரண்டு பெயரில் வர அனுமதி இல்லை என்று திரையில் இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து நின்றது.

இதற்கு எப்படித் தெரியும்? யார் போட்டுக் கொடுத்தது? ஒன்றும் புரியாமல் நேரே மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். பாதியில்தான் உறைத்தது, அவர் என்னை எதுவுமே கேட்கவில்லை என்று. அய்யோ, அக்கா வேலைக்கும் சேர்த்து வேட்டு வைத்துவிட்டேனே...

அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"சர்வர் பேரப் போட்டா உடாதுபா. அதோட ஐபி நம்பரப் போட்டுப் போ. வேற சர்வர்னு நெனச்சிகினு உட்டுடும்."

அவ்வளவுதான், போய்விட்டார். அக்கா ஃபோல்டர் திறந்தது. அன்றைக்கும் முப்பது ஏறியது.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எங்களைக் காப்பாற்றினாரா, கம்ப்யூட்டர் கோளாறை மட்டும் சரிசெய்தாரா... சத்தியமாக இன்னும் எனக்குக் குழப்பம்தான். அக்காவிடம் சொல்லவில்லை. கேட்டால் பயந்துவிடுவாள்.

இப்போது ஒரே போனில் நான்கு பெயரில் இருக்கிறேன். எதுவும் என்னைத் தடுப்பதில்லை. ஓடிப்போய் உளறவும் ஆள் இல்லை.

போன வாரம் அக்கா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மணமகள் பெயரைப் பார்த்தேன்... எங்கள் பழைய பாஸ்வேர்ட்!

மேனேஜர் மதுராந்தகத்தில்தான் இருக்கிறார், அவருக்கு வைத்தாயா என்று கேட்டேன்.

"அந்த முசுடுக்கு எதுக்குடா பத்திரிகை?"

"மொதல்ல அவருக்கு வெச்சிட்டு வாக்கா. அப்பறம் சொல்றேன்."