மூடி அடித்தவர் முதலில் சாப்பிட வேண்டும்

என் மகள் அழுததால்தான் ஒரு நாள் சரக்கு முழுவதும் கெட்டுப்போனது என்று எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஒரு பேச்சு இருந்தது. அப்போது அவளுக்கு ஆறு மாதம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மாமனார் ஆரம்பித்த சின்னத் தொழிற்சாலை எங்களுடையது. காசிமேட்டிலிருந்து வரும் சூரை மீனைத் துண்டு உடையாமல் டப்பாவில் அடுக்கி நல்லெண்ணெய் ஊற்றுவோம். மூடி அடிக்கும் மெஷினை என் கணவரின் அண்ணன் பார்த்துக்கொள்வார்; நான் அவரை அத்தான் என்பேன். மூடிய டப்பாக்களை நீராவியில் வேகவைக்கும் பெரிய குக்கர், உணவுத் தொழில்நுட்பம் படித்த என் பொறுப்பு.

ஒரு நாள் சரக்கு முழுவதும் கெட்டு, டப்பாக்கள் உப்பிவிட்டன. குழந்தை தொட்டிலில் அழுததும் நான் நேரத்துக்கு முன்பே நீராவியை நிறுத்திவிட்டு ஓடினேன் என்றார் அத்தான்.

"படிச்சு வாங்கின பட்டம் இன்னாத்துக்கு? கொழந்த அழுதா பறந்துடுது."

மீன் சுத்தம் செய்யும் பெண்கள் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. குக்கர் அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மறுக்கவில்லை. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள் நான். ஒருவேளை நிறுத்தியிருப்பேனோ? குக்கரில் சுற்றும் வட்டத்தாளில் சூட்டையும் நேரத்தையும் பேனாமுனை தானாகக் கோடு போடும். அன்றைய தாள் மட்டும் காணவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஆபீஸைச் சுத்தம் செய்தபோது அது கிடைத்தது. அத்தான் மேஜை இழுப்பறையில், நான்காக மடித்து. கோடு முழுசாக இருந்தது. ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

அப்படியென்றால் தவறு மூடியில்; இறுக்கமாக மூடாத டப்பாவில் காற்று புகுந்து மீன் கெட்டுவிடும். அரை மணிக்கு ஒரு டப்பாவை எடுத்து, மூடியின் விளிம்பை வெட்டி, மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று அத்தான் பார்க்க வேண்டும். நான் அவருடைய குப்பைக் கூடையைக் கவனிக்க ஆரம்பித்தேன். பல நாட்கள் அதில் வெட்டிய மூடி ஒன்றுகூட இல்லை. அந்தத் தேதிகளைக் குறித்துவைத்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சமாதானம் செய்துவைப்பார். எனக்குச் சமாதானம் வேண்டாம்.

எங்கள் டப்பாக்கள் மூன்று மாதம் எண்ணெயில் ஊறிய பிறகே கடைக்குப் போகும். அதற்கு முன் குடும்பமே தொழிற்சாலையில் உட்கார்ந்து சோற்றோடு சாப்பிட்டுப் பார்ப்போம். மூடி அடித்தவர் முதலில் சாப்பிட வேண்டும் என்பது மாமனார் வைத்த விதி. அந்த டப்பாவை எப்போதும் அத்தானேதான் எடுத்துவருவார்.

இந்த முறை நான் எடுத்துவந்தேன். திறந்து அவர் தட்டில் கவிழ்த்தேன்.

"அத்தான், இது உங்க கூடையில வெட்டின மூடி ஒண்ணுகூட இல்லாத அன்னிக்கு அடிச்சது. சாப்பிடுங்க."

அவர் கை சோற்றின் மேல் நின்றது. "வயிறு சரியில்ல."

"காலைல எட்டு இட்லி துன்னியே," என்றார் மாமனார். "நீ அடிச்ச மூடிதானே, துன்னு."

அவர் தட்டைத் தள்ளினார். நான் வட்டத்தாளை விரித்து அதன் பக்கத்தில் வைத்தேன். மாமனார் தேதியைப் பார்த்தார், கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"இது எங்க இருந்தது?"

"அத்தான் இழுப்பறையில, மாமா."

"பாப்பா அழுதுதுன்னியேடா."

"மெஷின நிறுத்தி நிறுத்தி வெட்டிக்கினு இருந்தா வேலை ஆவுமா நைனா?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

மாமனார் இடுப்பிலிருந்து குக்கர் அறைச் சாவியை எடுத்து என் தட்டருகே வைத்தார். அந்த நாட்களின் சரக்கு எதுவும் வெளியே போகக் கூடாது என்றார்.

உண்மையில் அந்தத் தேதி டப்பாக்களில் இருபதை முன்பே எடுத்து நான் வெட்டிப் பார்த்திருந்தேன். ஒன்றிலும் குறையில்லை. அதை அத்தானிடம் சொல்லவில்லை. அவர் தள்ளிய மீனை நானே சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த மகள் வாயைத் திறந்தாள். இருபது பார்த்தவள்தான், ஆனாலும் இருபத்தொன்றாவதை அவளுக்கு ஊட்டக் கை வரவில்லை. அப்பளத்தை நொறுக்கிக் கொடுத்தேன்.

இப்போது அரை மணிக்கு ஒரு முறை வெட்டிய மூடியோடு அத்தான் என் குக்கர் அறை வாசலில் வந்து நிற்க வேண்டும். மடிப்பு சரியா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நான் இரண்டு நிமிடம் பார்க்கிறேன். மகள் அழுதால் தலையை நிமிர்த்துவதில்லை.

"கொஞ்சம் அவளைத் தூக்கிக்கோங்க அத்தான்," என்கிறேன்.