குடித்தும் தள்ளாடாதவள்

எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் யாரும் குடிப்பதில்லை. வெளியாள் கேட்டால் இப்படித்தான் சொல்வோம். அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டதும், இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறிவிட்டு, கடைசி லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கூடி ஆளுக்கு ரெண்டு மடக்கு சாராயம் போட்டுக்கொள்வது வேறு சங்கதி. அது குளிருக்கு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்க மாட்டோம்.

கூட்டத்துக்கு ராணியே விஜயலெட்சுமி அக்காதான். எனக்கு ரெண்டாவது மடக்கிலேயே முகம் சிவந்து தலை சுற்றும். அக்கா அரைப் போத்தலை இறக்கிவிட்டு நேராக நடந்து போய்ச் சோறு வடிப்பாள். மறுநாள் விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாக நிற்பாள். "என் ஒடம்ப இது ஒண்ணும் பண்ணாதுடி" என்பாள். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினோம். கட்டுநாயக்காவில் தையல் ஃபெக்டரியில் வேலை பார்க்கும் மகள் சுதர்ஷினிக்கு மட்டும் இது தெரியக் கூடாது. அதில் அக்கா கண்டிப்பாக இருந்தாள்.

மார்பில் கட்டி வந்தபோது அவள் செய்த வைத்தியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. சுளுக்குக்குத் தேய்ப்பதுபோல் சாராயத்தில் உப்பைக் கரைத்துக் கட்டியில் தேய்த்தாள். மிச்சத்தைக் குடித்தாள். மழைக்காலம் பூராவும் இப்படியே போனது. தோல் குழிந்த பிறகுதான் என்னிடம் காட்டினாள். அன்றைக்கே சுதர்ஷினிக்குப் போன் போட்டேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். ஒப்பரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா கூப்பிட்டுப் பேசினார். அவருக்குத் தமிழ் வராது. அக்காவின் சிங்களம் கடைத்தெருவுக்குத்தான் காணும். சுதர்ஷினி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொன்னாள். ஓரளவு சிங்களம் புரிகிற நான் கதவோரம் நின்றேன்.

"குடிப்பீங்களான்னு கேக்குறாங்கம்மா."

"இல்லேன்னு சொல்லு." சொல்லிவிட்டு அக்கா என்னைப் பார்த்து முறைத்தாள்.

டாக்டரம்மா விடவில்லை. மயக்க மருந்து கொடுக்கப் போகிறோம், தினம் குடிக்கிற உடம்பென்று தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறந்தால் மகள் முன்னால் அக்காவின் மானம் போகும். மூடிக்கொண்டிருந்தால் ஒப்பரேஷன் மேசையிலேயே அவள் உயிர் போகும்.

அதற்குள் சுதர்ஷினி சிங்களத்தில் தானாகவே ஒன்று கேட்டாள். குடித்தும் வெறி ஏறாதவர்களுக்கு இந்த ஆபத்து குறைவுதானே என்று.

"இல்லை" என்றார் டாக்டரம்மா. சாராயம் உடம்புக்குள் போய் ஒரு நஞ்சாக மாறும். அது எவ்வளவு வேகமாக மாறும், எவ்வளவு நேரம் தங்கும் என்பது ஆளுக்கு ஆள் பிறவியிலேயே வேறுபடும். தள்ளாடாததால் கேடில்லை என்று ஆகாது. இந்தக் கட்டி குடியால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குடிக்கக் குடிக்க ஆபத்து கூடும். தாயின் உடல்வாகு மகளுக்கும் வரலாம்.

சுதர்ஷினி எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை.

"'அம்மா', 'மகள்'னு என்னமோ சொன்னாங்களே. அத ஏன் விட்ட?" என்றாள் அக்கா.

"அது ஒண்ணுமில்லம்மா."

"வெறி ஏறாதவங்களப் பத்தி யாருக்காகக் கேட்ட?"

சுதர்ஷினி மடியிலிருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

"தீவாளிக்கு வந்தப்ப என் போத்தல்ல யாரு எடுத்தான்னு எனக்குத் தெரியாதாடி? தண்ணி ஊத்தி வச்சா கண்டுபுடிக்க மாட்டனா? ஒன்னையக் கேட்டா, என்னையப் பத்தி நீ கேட்டுருவியேன்னுதான் வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

பிறகு மகளை விட்டுவிட்டு டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். கடைத்தெருச் சிங்களத்தில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள். நான் குடிக்கிறேன். தினமும். அரைப் போத்தல். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அக்கா மகளின் கையைப் பிடித்து இழுத்து மேசைமேல் வைத்தாள்.

"இவளும் குடிக்கிறா. இவளையும் பாருங்க" என்றாள் அதே சிங்களத்தில்.

சுதர்ஷினி உடைந்து அழுதாள். டாக்டரம்மா புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அவளிடம் வயதைக் கேட்டார்.