விளக்கைச் சுற்றிய வானவில்

என் கணவர் காஞ்சிபுரத்துக்கும் ஐயம்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டில் பட்டுப் புடவைகளுக்கு ரவிக்கை தைப்பவள். கருடசேவைக்கு முந்தின நாள் மாலை, கோயில் தெருவில் கட்டியிருந்த சீரியல் விளக்குகளைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"ஒவ்வொரு லைட்ட சுத்தியும் வானவில் மாதிரி வட்டம் இருக்குதுமா. உனுக்குத் தெரியலயா?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே நீலம், நடுவில் பச்சை, வெளிவிளிம்பில் சிவப்பு என்று விரலால் வரைந்து காட்டினார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நூல்கண்டுப் பெட்டியைத் திறந்து, அது எந்தப் பச்சை என்று கேட்டேன். அவர் தேடி எடுத்துக்கொடுத்த பச்சையில் என் ரவிக்கை ஒன்றுக்கு ஓரம் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்த வளையம் அவ்வப்போது வந்தது. விளக்கேற்றும் நேரத்தில் வரும், கூடவே நெற்றியில் வலியும் வரும். தூங்கி எழுந்தால் இரண்டும் போய்விடும். வெயிலில் வண்டி ஓட்டுவதால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துவிட்டேன். வளையத்தைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. இன்றைக்கு வந்ததா என்று ஆசையாகக் கேட்பேன்.

ஒரு நாள் பட்டப்பகலில், இடதுபக்கம் நின்றிருந்த சைக்கிளை உரசிவிட்டார். ஆளுக்கு அடி இல்லை. ஆனால் அங்கே ஒரு சைக்கிள் நின்றதே தனக்குத் தெரியாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பரிசோதித்த டாக்டரம்மா, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்ததா என்று அவர்களாகவே கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு தெரிந்தது என்றேன். கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறும்போது கருவிழியின் கண்ணாடித் தோல் ஊறிப்போகும், மழைத்துளிக்குள் புகுந்த வெயில் போல அதில் வெளிச்சம் பிரிந்து நிறம் காட்டும் என்று பொறுமையாக விளக்கினார்கள்.

"அப்பவே வந்திருந்தா லேசர்ல நிறுத்தியிருக்கலாம்மா. நரம்புல போன பார்வை திரும்பி வராது."

லேசர் வைத்தார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். மிச்சப் பார்வை நிலைத்தது. இடது ஓரம் போனது போனதுதான். ஆட்டோவை விற்றுவிட்டு இப்போது ஒரு புடவைக் கடையில் பார்சல் கட்டுகிறார். என்னிடம் துணி கொண்டுவரும் பெண்களிடம், விளக்கைச் சுற்றி நிறம் தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள் என்று சொல்கிறேன். எனக்கு அப்போது அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

வெளியே போகும்போது அவருக்கு இடதுபக்கமாகவே நடக்கிறேன். போன வாரம் பைக் ஒன்று அந்தப் பக்கமாக வர, அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கோபமாக உதறினார். கொஞ்ச தூரம் நடந்தோம். பேருந்து நிலையத்து நெரிசல் வந்தபோது, அவராகவே என் தோளைத் தொட்டுப் பிடித்துக்கொண்டார்.