மாதையன் அலமாரி அடுக்கிய ஞாயிறு

மூட்டை அடுக்குவதில் மாதையனை அடித்துக்கொள்ள ஜவ்வாது மலையிலேயே ஆள் கிடையாது. புளி, கடுக்காய், சாமை என்று மலையில் கிடைப்பதையெல்லாம் வாங்கி வைக்கிற கூட்டுறவுக் கிடங்கில் அவனுக்குப் பெயரே ஸ்கேல்தான். அவன் கட்டுகிற மூட்டை அட்டி கூரையைத் தொடும். ஒரு மூட்டையாவது வெளியே பிதுங்கி நிற்க வேண்டுமே, நிற்காது. காலையில் கதவைத் திறந்ததும் வாசலில் நின்றபடியே, "மூணாவது அட்டியில ஒண்ணு கொறையுதே" என்பான். போய்ப் பார்த்தால் குறையத்தான் செய்யும்.

அப்பேர்ப்பட்ட ஸ்கேலின் வீட்டு அலமாரி இருந்த லட்சணத்தைப் பார்த்து அக்கம்பக்கமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு அது. சுவரைக் குடைந்து மூன்று தட்டு விட்டிருந்தார்கள். கதவு போட மறந்தார்களா, மிச்சம் பிடித்தார்களா தெரியாது. உள்ளே ஓட்டைக் கம்பளி, அறுந்த கயிறு, கம்பி முறிந்த குடை, விதைச் சாமை, பாமாயில் டின், அவனுடைய கிழிந்த கால்சட்டைகள், நான்கு வருஷத்துக் காலண்டர்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் செந்தாமரையின் சேலை மூட்டை. ஒன்றை உருவினால் ஒன்பது தலையில் விழும்.

மாதையன் நெல்லிவாசல் நாட்டுக்காரன். ஏழு வயதில் தாய் போனாள். காப்பித் தோட்டத்து வேலைக்குப் போன தகப்பன் திரும்பி வரவில்லை. அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளான அக்கா அம்மாக்கண்ணுதான் கேழ்வரகு அரைத்தும் புளி தட்டியும் அவனை ஆளாக்கினாள். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். தம்பியை விட்டு எப்படிப் போவது என்று இருந்துவிட்டாள். இதை மாதையன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வான்.

செந்தாமரையின் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பரியப் பணத்தைப் பேசி முடித்து, எண்பத்திரண்டாம் வருஷம் அவளை அவனுக்குக் கட்டிவைத்தவளும் அக்காதான். செந்தாமரை உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்தவள். நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுவாள். மாதையனுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அதை வாயைத் திறந்து சொல்லத்தான் அவனுக்குப் பழக்கமில்லை. கிடங்கில் மூட்டையோடு பழகிய மனிதன், வீட்டுக்கு வந்து களியைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அதுவே அவனுக்குச் சந்தோஷம்.

மாசி மாதம் பிறந்து இரண்டாம் நாள், செந்தாமரை தங்கையின் பிரசவத்துக்கென்று தாய்வீடு கிளம்பினாள். கிளம்புகிற நேரம் பார்த்து மாதையனின் வாயில் சனி உட்கார்ந்தது. தன் சட்டையைத் தேடி அலமாரியில் கிடந்ததை இழுத்தான். எல்லாம் சரிந்து காலில் விழுந்தது.

"இது இன்னா வூடா, குப்பமேடா? கெடங்குல எலி கூட இதவிட நல்லா வெச்சிருக்கும்!"

செந்தாமரை கோபப்படவில்லை. விழுந்ததை அள்ளி அப்படியே உள்ளே திணித்தாள். "நான் வந்து அடுக்கறேன் மாமா. நீ கை வெக்காத" என்றாள். பையை எடுத்துக்கொண்டு அக்காவோடு ஜீப் நிற்கிற இடத்துக்கு நடந்துவிட்டாள்.

பத்து நாளில் வருவதாகச் சொன்னவள் பதினெட்டு நாளாகியும் வரவில்லை. அந்த எலிப் பேச்சு அவளைக் குத்திவிட்டது என்று மாதையனுக்கு உறுதியாகப் பட்டது. போய் அழைத்துவரலாம் என்றால் புளி வரத்துக் காலம், கிடங்கில் ஒரு நாள் விட மாட்டார்கள். அக்காவிடம் புலம்பினான். "திங்கக்கெழம வந்துருவாடா. சொல்லி அனுப்பிக்கீறா" என்றாள் அம்மாக்கண்ணு, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

திங்கட்கிழமை அவள் வரும்போது அலமாரி பளிச்சென்று இருக்க வேண்டும். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வராது, கையில் வரும். அவள் உள்ளே நுழைய வேண்டும், பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும். அப்புறம் இந்த வீட்டை விட்டு ஒரு நாள்கூட எங்கும் போகக்கூடாது. இவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினான்.

காசு கொடுத்து வாங்கியது நான்கு ஆணி மட்டுமே. மளிகைக் கடைக்காரர் தூக்கிப் போட்ட மரச் சோப்புப் பெட்டிகள் இரண்டை நடுத் தட்டில் படுக்க வைத்தான். உள்ளே இரண்டும் மேலே இரண்டுமாக நான்கு அறை கிடைத்தது. கிடங்குக் கிளார்க்கிடம் கேட்டு வாங்கிய பழைய செய்தித்தாளைத் தட்டுக்குத் தட்டு விரித்தான். கிழிந்த கோணியைத் துவைத்துக் காயவைத்திருந்தான். அதில் கோணி ஊசியால் வரிசையாகப் பை வைத்துத் தைத்து, அலமாரியின் பக்கச் சுவரில் தொங்கவிட்டான். சீப்பு, ஊசி நூல், ரிப்பன் எல்லாம் அதில் போடலாம். மேல்தட்டுக்கு அடியில் மூங்கில் கழி ஒன்றைக் கட்டினான், ரவிக்கையும் பாவாடையும் மடித்துப் போட. வளையலுக்கு டால்டா டப்பா. பூச்சி வராமலிருக்க நொச்சித் தழை. இதையெல்லாம் செய்கிறபோது மாதையன் பாடினான் என்று சொன்னால் கிடங்கில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பாடினான்.

பிறகு சாமான்களைப் பிரித்தான். ஆகாதது வாசலுக்கு. விதையும் டின்னும் கீழ்த்தட்டுக்கு. தன் துணிமணி மேலே, கம்பளி அதற்குப் பக்கத்தில். நடுத்தட்டு நான்கு அறையும் கழியும் கோணிப் பையும் செந்தாமரைக்கு.

கீழே நிறைந்தது. மேலே நிறைந்தது. நடுவில் ஒன்றுமே சேரவில்லை.

முதலில் அவனுக்கு அது உறைக்கவில்லை. குவியலில் எங்காவது இருக்கும் என்று மறுபடி கிளறினான். வளையல் இல்லை. கைக்கண்ணாடி இல்லை. பள்ளிக்கூடத்து சர்டிபிகேட் வைத்திருந்த காக்கி உறை இல்லை. ரவிக்கை ஒன்றுகூட இல்லை. சரி, மூட்டைக்குள் இருக்கும். கத்தரிப்பூ நிறச் சேலையில் முடிச்சுப் போட்ட அந்த மூட்டை எப்போதும் கண்ணில் படுகிற இடத்தில்தான் இருந்தது. அவிழ்த்தான். உள்ளே அவனுடைய பழைய வேட்டி இரண்டு, கிழிந்த சாக்கு ஒன்று, தலையணைப் பஞ்சு கொஞ்சம். மேலே சுற்றியிருந்த சேலை மட்டும் அவளுடையது. போன தீபாவளிக்கு அவன் வாங்கித் தந்தது.

மேலே நல்ல புளியைப் பரப்பி நடுவில் கொட்டையை வைத்து ஏமாற்றுகிற மூட்டைகளை மாதையன் எத்தனையோ பிடித்திருக்கிறான். கையை விட்டதுமே தெரிந்துவிடும். இந்த மூட்டைக்குள் அவன் ஒரு நாளும் கையை விட்டதில்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில், கிடங்குப் பெருமை பேசுகிற சாக்கில் அவளிடம் அவனே சொல்லியிருந்தான்: "திருடறவன் மொதல்ல மூட்டைய தூக்க மாட்டான். அட்டிய கலச்சி வுடுவான். கலஞ்சி கெடந்தா எது கொறையுதுன்னு எவனுக்கும் தெரியாது." செந்தாமரை கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "நீ திருடனாவே போயிருக்கலாம் மாமா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது அவன் முகத்தில் அறைந்தது. இவ்வளவு குப்பையையும் அவள் சோம்பேறித்தனத்தால் சேர்க்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கலைத்து வைத்திருக்கிறாள், அவன் சொல்லிக்கொடுத்தபடியே.

வாசலில் நிழல் விழுந்தது. அம்மாக்கண்ணு களிச்சட்டியோடு நின்றாள். செந்தாமரை போன நாளிலிருந்து அவள்தான் சோறு கொண்டுவருகிறாள். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை, அலமாரியைத்தான் பார்த்தாள்.

"ஐயோ, இத்த எதுக்குடா கலச்ச?"

மாதையன் மெதுவாகத் திரும்பினான். சோப்புப் பெட்டி, விரித்த தாள், தொங்குகிற கோணிப் பை. எந்தக் குருடனும் இதைக் கலைத்தது என்று சொல்ல மாட்டான்.

"அடுக்கி வெச்சிக்கீறேன். நீ கலச்சேன்ற?"

அம்மாக்கண்ணு சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. திங்கட்கிழமை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டே இரண்டு நாளாகத் தூங்காதவள்.

"எங்க அவ?"

"வாணியம்பாடியில. தோலு கம்பெனியில செருப்பு தைக்கற வேல. அவ சித்தப்பன் பொண்ணு பூங்கோத ரூம்ல கீறா."

"எவன்கூட?"

"எவனும் இல்லடா. அவ தாலி மேல சத்தியமா எவனும் இல்ல."

ஒருவன் இருந்திருந்தால் மாதையனுக்கு வழி தெரியும். மலையில் அதற்கு முறை இருக்கிறது. ஊர் கூடும், அந்த ஒருவன் வந்து நிற்பான், மாதையன் கொடுத்த பரியத்தைத் திருப்பி வைப்பான், விஷயம் முடிந்துவிடும். மூன்று மாதம் தலையைக் குனிந்து நடந்தால் போதும். வேலைக்கென்று கட்டியவனை விட்டுப் போனவளை எந்தப் பஞ்சாயத்தில் நிறுத்துவது? பரியத்தை யாரிடம் கேட்பது, கம்பெனி முதலாளியிடமா?

"துணியெல்லாம் எப்டி போச்சி?"

அம்மாக்கண்ணு களிச்சட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள்.

"யக்கா, துணியெல்லாம் எப்டி போச்சி?"

"நான்தான் எடுத்துக்கினு போனேன். ஆலங்காயம் சந்தைக்கு போறப்ப, புளிக்கு அடியில வெச்சி. பூங்கோத அங்க வந்து வாங்கிக்குவா. ஆவணியில ஆரமிச்சது."

ஆவணியிலிருந்து மாசி. ஆறு மாதம். வாரம் ஒரு சந்தை. சந்தைக்குப் போய்வருகிற அக்கா அவனுக்கென்று பொரியுருண்டை வாங்கிவருவாள். முப்பத்திரண்டு வயது ஆம்பிளைக்குப் பொரியுருண்டை. அவனும் அதைச் சின்னப் பிள்ளைபோலக் கடித்துத் தின்பான். பெண்டாட்டியின் சேலை மலையிலிருந்து கீழே இறங்கிப் போன அதே பையில்தான் அது மேலே ஏறி வந்திருக்கிறது. கொடுக்கும்போது அக்கா அவன் தலையைத் தடவுவாள். செந்தாமரை பக்கத்தில் நின்று பார்ப்பாள். இரண்டு பேருக்கும் தெரியும். அவன் ஒருவன்தான் தின்றுகொண்டிருந்தான்.

"கேட்டிருந்தா நானே இட்டுக்கினு போய் வுட்டிருப்பேனே!" என்று கத்தினான்.

"ரெண்டு தடவ கேட்டாளே. நீ செவுத்த பாத்துக்கினு இருந்தியாம்."

அது அவனுக்கு நினைவில்லை. நினைவில்லாதது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அம்மாக்கண்ணு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதையோ சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல் வேகமாகப் பேசினாள். "மொதல்ல பச்ச சேலய குடுத்தா. 'இது எங்கன்னு உன் தம்பி ஒரு வார்த்த கேட்டா, நான் எங்கியும் போகல யக்கா, இங்கியே கெடக்கறேன்'னா. நீ கேக்கல. அடுத்த சந்தைக்கு செவப்பு. அப்பவும் அதேதான் சொன்னா. பதினோரு சேலடா. ஒவ்வொண்ணுக்கும் காத்துக்கினு இருந்தா. கத்திரிப்பூ சேலைய மட்டும் எடுக்க வாணாம்னுட்டா. நீ வாங்கினது, அது இல்லன்னா உன் கண்ணுக்கு தெரியுமாம்."

மாதையன் சுவரில் சாய்ந்தான். முதலில் வெட்கம் வந்தது. அதை மிதித்துக்கொண்டு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது.

"பரீட்ச வெக்கறவ கேள்வி இன்னான்னு சொல்லணுமா, வாணாமா? எனக்கு தெரியாமலே பரீட்ச வெச்சி, நான் தோத்துட்டேன்னு முடிவும் பண்ணிட்டு போய்ட்டாளா? சேலைய எண்ணிக்கினு இருக்கறவனா புருஷன்? அவள நம்பினேன் யக்கா. நம்பினதாலதான் பாக்கல. சந்தேகப்படறவன் எண்ணுவான். நான் எண்ணல. அது குத்தமா?"

அம்மாக்கண்ணு தரையில் சிதறிக் கிடந்த தலையணைப் பஞ்சைப் பொறுக்கினாள்.

"அவள வுடு. அவ வேற வூட்டுல பொறந்தவ. நீ?" அவன் குரல் உடைந்தது. "நான் கேக்கலன்னு வாரா வாரம் உனக்கு தெரியும். பச்ச சேல எங்கன்னு கேளுடான்னு என் காதுல ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். அத்தோட எல்லாம் நின்னு போயிருக்கும். இடுப்புல தூக்கி வளத்தியே, அந்த ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரலியா?"

வெளியே யாரோ புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. பேச்சில் நடுக்கம் இல்லை.

"வந்துச்சிடா. பத்து தடவ வாய் வரைக்கும் வந்துச்சி. ஒவ்வொரு தடவயும் நான் போகாம வுட்ட அந்த திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வேல ஞாபகத்துக்கு வந்துச்சி. சொல்லியிருந்தா நீ கேட்டிருப்ப. கேட்டிருந்தா அவ போயிருக்க மாட்டா. அதனாலதான் சொல்லல."