அஞ்சலை சொன்ன பதில்

நேற்று ஒரு பருத்திச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். சூடு பட்டதும் சோற்றுக் கஞ்சியின் வாசம் எழுந்தது. அவ்வளவுதான், திண்டிவனத்து மோட்டார் பைக் ஷோரூமின் ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்குள் போய் நின்றுவிட்டேன். கஞ்சிக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் வேலைக்குப் போவேன். (மூன்று வருடத்தில் ஜன்னலோர சீட் கிடைத்தது நாலைந்து தடவை. அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.) அந்த அறையில் டயரும் ஆயில் டப்பாவும் போக மிச்ச இடத்தில் நானும் அஞ்சலையும். நான் ஸ்டாக் எழுதுவேன். அவள் வண்டிக்காரர்களுக்குப் போன் போட்டு சர்வீஸ் தேதியை ஞாபகப்படுத்துவாள். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம் அவளுக்கு. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். போன் இல்லாமலே மரக்காணத்துக்குக் கேட்கும் என்று கிண்டல் செய்வேன்.

முன்பக்கம், கண்ணாடிக்குள், வாடிக்கையாளரிடம் பேசும் வேலை ஒன்று காலியானது. ஒரே இடம். எங்கள் இரண்டு பேரையும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொன்ன மேனேஜர், பேச்சையும் டிரஸ்ஸையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். வந்துக்கினு போய்க்கினு என்று பேசினால் அங்கே யாரும் மதிக்க மாட்டார்களாம்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் பயிற்சி நேரமானது. ஒருத்தி வண்டி வாங்க வந்தவள், இன்னொருத்தி விற்பவள். வாயில் ‘க்கினு’ வந்தால் ஒரு கிள்ளு. வறுத்த மல்லாட்டையை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) மென்றபடியே டயர்களைப் பார்த்துச் சிரித்து, குட் மார்னிங் சார் சொல்லிப் பழகினோம். எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. அஞ்சலைக்குக் கையெல்லாம் சிவந்ததுதான் மிச்சம்.

இண்டர்வியூவுக்குச் சேலையில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் இருந்தவை கல்யாண வீட்டுக்குத்தான் ஆகும். அஞ்சலையின் அண்ணி பால்வாடி டீச்சர். அவருடைய நீலப் பருத்திச் சேலையை வாங்கி, கஞ்சி போட்டு, மொடமொடவென்று கொண்டுவந்தாள். அவளுக்குக் காலையில் இண்டர்வியூ, எனக்கு மத்தியானம்.

“நான் கட்டிக்கினு போய்ட்டு வந்து அவுத்துக் குடுக்கறேன், நீ கட்டிக்கோ” என்றாள். அந்த ஒரு தடவை நான் கிள்ளவில்லை.

சொன்னபடியே செய்தாள். அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சேலையை அவிழ்த்துக்கொண்டே உள்ளே நடந்ததையும் சொன்னாள். வண்டி ரிப்பேர் என்று ஒருத்தர் கோபமாக வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம்.

“ஒக்கார வச்சி, தண்ணி குடுத்து, இன்னா ஆச்சு சொல்லுண்ணான்னு அவரு முடிக்கறவரைக்கும் கேட்டுக்கினே இருப்பேன்னு சொன்னேன்டி. சிரிச்சிட்டாங்க.”

என் இடுப்பில் கொசுவத்தைச் சொருகி, தோளில் பின்னையும் அவளே குத்திவிட்டாள். சேலையில் அவள் உடம்புச் சூடு இன்னும் இருந்தது.

என்னிடமும் அதே கேள்வி. “முதலில் அவரை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பேன் சார்” என்றேன். தலையாட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே சேலையில் வந்ததைக் கவனித்தார்களா தெரியாது. யூனிஃபார்ம் என்று நினைத்திருக்கலாம்.

வேலை எனக்குக் கிடைத்தது. அஞ்சலைதான் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அது உன்னுடைய பதில் என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. இரண்டு வருடத்தில் சென்னைக்கு மாற்றல், அப்புறம் பதவி உயர்வுகள். இன்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு எப்படி உடுத்துவது, எப்படிப் பேசுவது என்று வகுப்பெடுக்கிறவளே நான்தான். அந்தக் கேள்விக்கு அஞ்சலையின் பதிலைத்தான் இன்னமும் சொல்லிக்கொடுக்கிறேன், யாருடையது என்று சொல்லாமல்.

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு நம்பர் தேடிப் பிடித்தேன். மரக்காணத்தில் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறாள். நான் வணக்கம் சொல்லி, அஞ்சலைதானே பேசுவது என்று கேட்டதும், “எந்தக் கம்பெனிம்மா? எங்களுக்கு ஒண்ணும் வேணாம்” என்று வைத்துவிட்டாள்.

மறுபடி போட்டு, பேரைச் சொல்லி, திண்டிவனம் ஷோரூம் என்றேன். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடையாம். பாதியில் தைரியம் வந்து அந்தப் பதிலைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குக் கேள்வியே ஞாபகமில்லை. “நீ சொன்னா அழகாத்தான் இருந்திருக்கும்” என்றாள்.

வைப்பதற்கு முன்னால் தயங்கிக் கேட்டாள். “எல்லாம் சரிடி. யாரோ பேசற மாதிரியே கீது. நம்ம மாதிரி ஒரு வார்த்த பேசேன்.”

பேசிப் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர்களை யாரோ கேலி செய்வதுபோல் இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

“சரி, உடு” என்றாள்.