மீட்டருக்கு ஒரு நாணயம்

மொய்ரா டண்டி நகரத் தொழிற்சாலை ஒன்றில் முதலில் கைக்கடிகாரம் பூட்டினாள். பிறகு அதே மேசையில் வீட்டுக் கம்ப்யூட்டர் பூட்டினாள். நாட்டிலுள்ள பிள்ளைகளெல்லாம் வீட்டில் நச்சரித்து வாங்கிய, ரப்பர் விசை வைத்த அந்தக் கறுப்புப் பெட்டிதான். அதை வைத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள மெனக்கெடவும் இல்லை. ஊழியர் விலையில் கிடைத்ததே என்று கணவன் டங்கனுக்கு ஒன்று வாங்கி வந்தாள்.

தான் வேலை பார்த்த கப்பல் பட்டறை மூடியதிலிருந்து டங்கன் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். வெல்டிங் பிடித்த தடித்த விரல்கள் விசைகளில் தடுமாறுவதைப் பார்த்து மொய்ரா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். மனுஷன் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை தொழிற்கல்லூரியில் நேர்காணல். சொந்தமாக எழுதியதைக் காட்டினால் இடம் உண்டு என்றிருந்தார்கள்.

ஞாயிறு மதியம் விளையாட்டு முடிந்தது. அந்தப் பெட்டியில் எழுதியதைக் கேசட்டில் பதிந்தால்தான் தங்கும். பதியப் போனபோது ரெக்கார்டர் நாடாவை இழுத்து மென்று கந்தலாக்கியது. அதுவரை பதிந்ததும் அதே நாடாவில்தான். இனி எல்லாம் பெட்டிக்குள் மட்டுமே. கரண்ட் போனால் அதுவும் போச்சு.

அந்த நேரம் பார்த்து வாசல் அலமாரியில், காசு போட்டால் மட்டும் கரண்ட் தரும் மீட்டரின் முள் கடைசிக் கோட்டில் நின்றது. அது விழுங்குவது ஐம்பது பென்ஸ் நாணயம் மட்டும். மொய்ராவின் பர்ஸில் இருந்ததோ ஒரு பவுண்டு நோட்டு. கடையெல்லாம் அடைப்பு.

"ஹீட்டரை அணை! டிவியை அணை! ஏன்யா, கம்ப்யூட்டர் மேல எதுக்குப் பால் டப்பா?"

"சூடாகுதுடி. குளுமைக்கு வச்சேன்."

"நாங்க பூட்டி அனுப்புறது என்ன அடுப்பா?"

கீழ்வீட்டார் ஊரில் இல்லை. மிச்சம் மேல்வீட்டு பெல்லா. மாடிப்படியை வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கழுவுவார்கள். மொய்ரா தன் முறைக்குக் கழுவிய ஈரத்திலேயே புத்தாண்டுக்கு முந்தின நாள் பெல்லா சேற்று பூட்ஸோடு இறங்கினாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. மானத்தைப் பார்த்தால் டங்கன் பழையபடி ஊமையாகிவிடுவான். மொய்ரா ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"என்ன, படியில தூசு கிடக்கா?" என்றாள் பெல்லா.

"அக்கா, ஒரு ஐம்பது பென்ஸ். நோட்டு இந்தா. டங்கன் எழுதினதெல்லாம் அழிஞ்சிரும்க்கா."

பெல்லா நோட்டைத் தொடவில்லை. ஜாடியைக் கவிழ்த்து நாணயத்தை எடுத்தாள். விஷயத்தைக் கேட்டுத் தன் ரெக்கார்டரையும் ஒரு கேசட்டையும் தூக்கிக்கொண்டாள். "அக்கார்டியன் பாட்டு. போகுது, அழிச்சுக்க." கீழே இறங்கி வந்து, மொய்ரா வீட்டு மீட்டரில் நாணயத்தைத் தானே போட்டுத் திருகினாள். முள் எழுந்தது. மொய்ராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கேசட் கீச்சிட்டுக் கீச்சிட்டுப் பதிந்தது. சரியாகப் பதிந்ததா பார்க்க டங்கன் டிவியைப் போட்டு, விளையாட்டைக் கேசட்டிலிருந்து திரும்ப ஏற்றினான். திரையில் ஒருத்தி படி கழுவினாள். மேலே இருந்து இன்னொருத்தி பெரிய பூட்ஸோடு மிதித்துக்கொண்டு இறங்கினாள். தலையில் பச்சைத் தொப்பி.

பெல்லாவிடம் இருப்பதும் பச்சைத் தொப்பிதான். மொய்ரா டிவியை அணைக்கக் கையை நீட்டினாள்.

"இது யாரு, நானா?" என்றாள் பெல்லா.

டங்கன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"அடப்பாவி, என் காலு இவ்வளவு பெருசா? சரி, என்னை ஓட வைக்கிற விசை எது? காட்டு."

டங்கன் சிரித்தான். தோள் குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பை மொய்ரா மறந்தே போயிருந்தாள். சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் டங்கன் வீட்டு வாசலில் வந்து நின்றான். "இடம் கிடைச்சிருச்சு. இரு, பெல்லா அக்காகிட்டயும் சொல்லிட்டு வந்துர்றேன்."

மேல்படி ஈரமாக இருந்தது. பெல்லா அப்போதுதான் கழுவியிருந்தாள். டங்கன் நேர்காணலுக்குப் போட்டுப்போன ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலுறையோடு ஏறினான்.